தெரிந்தும் தெரியாததுபோல

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை தரும், கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர், அதாவது நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணியை உருவாக்கிய லொரெட்டா ஃபோர்டு 2025 ஜனவரியில் தமது 104ஆம் வயதில் மறைந்ததையொட்டி நீங்கள் எழுதிய குறிப்பை என் மாணவி ஒருத்தி அனுப்பிவைத்தாள். நான் 22 ஆண்டுகளாக நர்சிங் கல்லூரியில் கற்பிக்கிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தேன். எங்கள் துறையைப் பற்றி எழுத்தாளர் ஒருவர் எழுதினாரே என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வரி உறுத்துகிறது. ‘நர்ஸ்களைப் பாதி டாக்டர்களாக்கியவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முழுதாக நர்ஸாக இருப்பது போதாது, பாதியாவது டாக்டராக வேண்டும் என்பதுதான் மரியாதைக்கு வழியா? என் மாணவிகள் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. குறிப்பின் கடைசியில், மருத்துவ மாணவர்களும் செவிலிய மாணவர்களும் சேர்ந்து கற்கும் முறையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலும் போன ஆண்டு அப்படி ஒரு கூட்டு வகுப்பு நடந்தது. மண்டபத்தில் முன் ஆறு வரிசை மருத்துவ மாணவர்களுக்கு. எங்கள் பிள்ளைகள் பின்னால். ஒரு சிறப்புரை, வருகைப்பதிவு, குழுப் புகைப்படம், தேநீர். எங்கள் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி எழுந்து கேள்வி கேட்கத் தொடங்கினாள். நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். சேர்ந்து கற்பது என்றால் இதுதானா? ஃபோர்டு அம்மையார் டீனாக இருந்த இடத்தில் உண்மையிலேயே என்ன செய்தார்? வகுப்பில் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும். புகழுரை வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர் ஆசிரியை

*

அன்புள்ள சகோதரி,

அந்த வரி தவறு. அஞ்சலிக் குறிப்புக்குக் கடைசி நேரத்தில் ஒரு நறுக்கான வரி தேவைப்பட்டது, எழுதிவிட்டேன். இப்போது நீக்கிவிட்டேன். ஃபோர்டே அதைப் படித்திருந்தால் உங்களைவிடக் காட்டமாக எழுதியிருப்பார். நீக்கியதோடு விட்டுவிடாமல் அது ஏன் தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முதலில் என் அம்மாவின் கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்த மூன்றாம் இரவு. மருத்துவமனையின் பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒன்று. நான் பெஞ்சில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். நைட் டியூட்டி சிஸ்டர் வந்தார், நாற்பது வயதுக்காரர். விளக்கைப் போடவில்லை. சிறுநீர்ப் பையை இரண்டு விரலால் தூக்கி, வராந்தா வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். போர்வையை விலக்கி அம்மாவின் பாதத்தைத் தொட்டார். பிறகு முழங்காலைத் தொட்டார். சில்லிப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். ஒரு வார்த்தை பேசாமல் போனுக்குப் போனார்.

அந்த உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. “டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கவும். பதினொன்றாம் நம்பர் பாட்டிக்குச் சாயங்காலத்திலிருந்து யூரின் நூறு மில்லிதான் வந்திருக்கிறது. கால் கொஞ்சம் சில்லென்று இருக்கிற மாதிரி தெரிகிறது. பல்ஸ் நூற்றுப் பதினெட்டு.” நீண்ட மௌனம். “இல்லை டாக்டர், எனக்கு எப்படித் தெரியும்... போன வாரம் ஏழாம் நம்பருக்கு இப்படி இருந்தபோது நீங்கள் டிரிப்ஸைக் கூட்டிவிட்டு ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னீர்கள்.” மறுபடி மௌனம். “சரி டாக்டர். நீங்கள் சொன்னபடியே கூட்டிவிடுகிறேன். ரத்தம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். நன்றி டாக்டர்.”

டாக்டர் சொன்னபடியே! அவர் தூக்கக் கலக்கத்தில் ‘உம்’ கொட்டியதைத் தவிர வேறென்ன சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை. உள்ளே எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது காலையில் உறுதியானது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், அம்மா பிழைத்தார். காலை ரவுண்ட்ஸில் அந்தப் பெண்மணி இல்லை, டியூட்டி முடிந்து போய்விட்டார். கேஸ் ஷீட்டில் டாக்டரின் பெயரில் நாலு வரி இருந்தது. விளக்குப் போடாமல் பாதத்தைத் தொட்ட கை அதில் எங்கும் இல்லை.

இந்த நாடகத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1967இல் லியோனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு மருத்துவ ஏட்டில் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். ‘டாக்டர் - நர்ஸ் விளையாட்டு’ என்பது தலைப்பு. விளையாட்டின் விதி எளிது. நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் சொன்னதாகத் தெரியக்கூடாது. டாக்டர் யோசனை கேட்க வேண்டும், ஆனால் கேட்டதாகத் தெரியக்கூடாது. அவரும் ஒரு நள்ளிரவுப் போன் உரையாடலைத்தான் உதாரணமாகத் தருகிறார். தந்தை இறந்த செய்தி கேட்டுத் தூங்க முடியாமல் தவிக்கும் ஒரு பெண் நோயாளி. இதற்கு முன் எந்தத் தூக்க மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது என்று டாக்டர் கேட்கிறார். முந்தாநாள் இரவு இன்ன மருந்து இத்தனை மில்லிகிராம் நன்றாக வேலை செய்தது என்கிறார் நர்ஸ். உடனே டாக்டர் அதே மருந்தை, அதே அளவை, தன் கட்டளையாகத் திருப்பிச் சொல்கிறார். நர்ஸ் நன்றி சொல்லிப் போனை வைக்கிறார். ஊரும் மொழியும் மட்டும்தான் வேறு. எங்கள் பதினொன்றாம் நம்பர் அறைதான் அது.

ஃபோர்டின் வாழ்க்கையை நான் இந்தப் போனிலிருந்துதான் படிக்கிறேன். செவிலியருக்குத் தெரிந்திருக்கிறது, தெரியாததுபோல இருக்க வேண்டியிருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்ததாகவே சொல்லும் உரிமை, சொன்னதற்குத் தானே பொறுப்பேற்கும் கடமை. அவர் கேட்டது இவ்வளவுதான். டாக்டரின் அறிவில் பாதியை வாங்கித் தருவது அவர் நோக்கமாக இருந்ததில்லை.

அவர் 1920 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்து, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். ஆசிரியையாக வேண்டும் என்பதுதான் ஆசை. பொருளாதார மந்தக் காலம், வீட்டில் பணமில்லை. கல்லூரிக் கட்டணம் கேட்காத வழியாக நர்சிங் இருந்தது, போய்ச் சேர்ந்தார். நம் வீடுகளிலும் எத்தனை பெண்கள் இதே வாசல் வழியாக இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறார்கள்! 1941இல் டிப்ளமா முடித்தார். மணமுடிக்க இருந்தவர் போரில் இறந்தார். அதன்பின் அவரும் ராணுவ விமானப் படையில் நர்ஸாகச் சேர்ந்தார். கண் பார்வை சரியில்லை என்று கடல்கடந்து அனுப்பவில்லை. போருக்குப் பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் இளநிலை, 1951இல் முதுநிலை, 1961இல் கல்வியியலில் முனைவர் பட்டம். ஆசிரியையாகும் ஆசையை இப்படிச் சுற்றுவழியில் தீர்த்துக்கொண்டார்.

இந்தப் பட்டங்களுக்கு நடுவில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாணவிகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது அதைத்தான். கொலராடோவின் போல்டர் மாவட்டத்தில் அவர் பொது சுகாதார செவிலியராக இருந்தார். நம் கிராம சுகாதார செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்துச் சிற்றூர்கள், பண்ணைகள், டாக்டர் எட்டிப் பார்க்காத இடங்கள். குழந்தைகளை எடை பார்ப்பது, தடுப்பூசி, தாய்க்குப் புத்தி சொல்வது எல்லாம் அவர்தான். இந்தக் குழந்தையின் இருமல் வீட்டிலேயே சரியாகிவிடும், அந்தக் குழந்தையை இன்றே நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தினமும் முடிவெடுத்தார்கள் அந்தச் செவிலியர்கள். முடிவெடுக்கிறோம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். அப்படி முடிவெடுக்க யாரும் அவர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதும், காதுக்குள் விளக்குக் கருவியால் பார்ப்பதும் அப்போது டாக்டருக்கு மட்டுமான காரியங்கள்.

1965இல் கொலராடோ மருத்துவ மையத்தில் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய சோதனைத் திட்டம் இந்த இடைவெளியைத்தான் அடைத்தது. ஏற்கெனவே பட்டம் பெற்ற, அனுபவமுள்ள செவிலியருக்கு நான்கு மாதத் தீவிரப் பயிற்சி. குழந்தையை முழுதாகப் பரிசோதிப்பது, நோய் வரலாறு கேட்பது, வளர்ச்சியை அளப்பது, சாதாரணக் கோளாறையும் அபாயத்தையும் பிரித்தறிவது. அதன்பின் டாக்டர் குறைவான இடங்களில் அமர்த்துவது. பயிற்சியின் சாய்வு நோயைவிட ஆரோக்கியத்தின் பக்கம்தான் இருந்தது. நல்ல குழந்தையை நல்ல குழந்தையாகவே வைத்திருப்பதில் செவிலியர்தான் கெட்டிக்காரர் என்பது ஃபோர்டின் கட்சி. ‘பாதி டாக்டர்’ என்று நான் எழுதியது எவ்வளவு அபத்தம் என்பது இங்கே தெரியும். சில்வருக்குத் தெரியாத ஒன்று ஃபோர்டுக்குத் தெரிந்திருந்தது, ஃபோர்டுக்குத் தெரியாத ஒன்று சில்வருக்கு. இருவரும் ஒரே குழந்தையைப் பார்த்துக்கொண்டு அதைப் பரிமாறிக்கொண்டார்கள். சேர்ந்து கற்பது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இந்த ஜோடியிலேயே இருக்கிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர்களிடமிருந்தும் வந்தது. ஆனால் கூடுதல் கசப்பு சொந்த வீட்டிலிருந்தே வந்தது. இதை ஃபோர்டே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நர்சிங் கல்வியாளர்கள்தான் முகம் திருப்பினார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்விக்குத் தலைமை வகித்த மார்த்தா ராஜர்ஸ், நல்ல நர்ஸ்களை நர்சிங்கிலிருந்து கடத்திக்கொண்டு போகும் தந்திரம் இது என்று கருதினார். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் ராஜர்ஸின் குரல் கேட்கிறது என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்த அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஒரு துறை தனக்கென ஒரு அறிவைத் திரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதன் கெட்டிக்காரப் பெண்கள் எல்லாம் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டால் மிஞ்சுவது என்ன?

ஆனாலும் கதவைச் சாத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அதே நாட்டில், அதே காலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், தெல்மா இங்கில்ஸ் என்ற செவிலியர் ஆசிரியையோடு சேர்ந்து 1950களின் இறுதியில் இதேபோன்ற உயர்நிலைப் படிப்பு ஒன்றை நர்ஸ்களுக்காக வகுத்தார். நர்சிங் கல்விக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஏற்கவில்லை, டாக்டர்கள் பாடம் நடத்துகிறார்கள் என்பது குறைகளில் ஒன்று. ஸ்டெட் என்ன செய்தார்? 1965இல் கடற்படையிலிருந்து திரும்பிய மருத்துவ உதவியாளர்கள் நான்கு பேரைப் பிடித்தார், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நான்கு பேரும் ஆண்கள். ‘ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்’ என்ற தொழில் பிறந்தது அப்படித்தான். செவிலியருக்கென்று போடப்பட்ட இலையில் வேறு யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள், டாக்டரின் உதவியாளர். ஃபோர்டு தன் மாணவியருக்கு அப்படி ஒரு பெயர் வராமல் பார்த்துக்கொண்டார். நர்ஸ் என்ற சொல் முன்னால் நிற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை.

‘இடைநிலை’ என்ற சொல்லையும் அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர்கள் ஏற்பதில்லை. எவருக்கும் எவருக்கும் இடையில்? மேலே யார், கீழே யார்? நம்மிடம் ‘இடைநிலை சுகாதாரப் பணியாளர்’ என்பது அரசாணைச் சொல்லாகவே இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே அவளுக்கு மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை.

வேலை நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. கனடாவில் பர்லிங்டன் என்ற ஊரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை 1974இல் வெளியானது. ஒரு கிளினிக்கின் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு டாக்டரும் மறு பகுதிக்கு நர்ஸ் பிராக்டிஷனரும் முதல் ஆளாக இருந்தார்கள். நர்ஸிடம் வந்த வருகைகளில் 67 சதவீதத்தை அவர் டாக்டரைக் கேட்காமலே முடித்தார். நோயாளிகளின் நிலையில் வித்தியாசம் இல்லை. நஷ்டம் வேறிடத்தில் வந்தது: நர்ஸ் தனியாகப் பார்த்த வேலைக்குக் காப்பீடு பணம் தராததால் அந்தக் கிளினிக்குக்குக் கட்டுப்படியாகவில்லை! கை வேலை செய்கிறது, கணக்குப் புத்தகத்தில் கைக்கு இடமில்லை. எங்கள் அம்மாவின் கேஸ் ஷீட் மாதிரியேதான்.

சட்டம் மெல்ல மெல்லத்தான் வழிவிட்டது. நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவதைச் செவிலியர் பணியின் பகுதியாக முதலில் சட்டத்தில் எழுதிய மாநிலம் ஐடஹோ, 1971இல். மிசௌரியில் இரண்டு செவிலியர்கள் உரிமமில்லாமல் மருத்துவம் செய்கிறார்கள் என்று கிளம்பிய வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983இல் செவிலியர் பக்கமே தீர்ப்பு வந்தது. இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுதான், அந்தக் கதை நீளம்.

சரி, டீனாக என்ன செய்தார்? 1972இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பள்ளி தனிப் பள்ளியானபோது ஃபோர்டு அதன் முதல் டீன் ஆனார். 1986இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். அவருடைய பெயர் நர்ஸ் பிராக்டிஷனரோடு ஒட்டிக்கொண்டதால் இந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

நீங்கள் இரண்டு பக்கமும் இருந்தவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரி ஒரு கட்டடம், மருத்துவமனை இன்னொரு கட்டடம். கல்லூரியில் கற்பிப்பவர் கடைசியாக எப்போது ஒரு நோயாளிக்கு ஊசி போட்டார் என்பது அவருக்கே மறந்திருக்கும். வார்டில் இருப்பவர், மாணவி வந்து நின்றால் “கல்லூரியில் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வா” என்பார். மாணவி இரண்டு நர்சிங்கைக் கற்றுக்கொள்கிறாள். ஒன்று பரீட்சைக்கு, ஒன்று பிழைப்புக்கு. ஃபோர்டு இரண்டு நாற்காலியிலும் தானே உட்கார்ந்தார். நர்சிங் பள்ளியின் டீனும் அவர்தான், பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராங் மெமோரியல் மருத்துவமனையில் செவிலியர் பணிக்குத் தலைவரும் அவர்தான். கற்பிப்பவர் நோயாளியைப் பார்க்க வேண்டும், நோயாளியைப் பார்ப்பவர் கற்பிக்க வேண்டும், இருவரும் தாங்கள் செய்வதை ஆராய வேண்டும். ஒன்றிணைந்த முறை என்று இதற்குப் பெயர். அவர் மட்டுமே கண்டுபிடித்ததல்ல. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டாரதி ஸ்மித் 1950களிலேயே இந்த வழியில் போனவர். சிகாகோவின் ரஷ் மருத்துவ மையத்தில் லூதர் கிறிஸ்ட்மன் ஃபோர்டின் காலத்திலேயே செய்தவர். ஆனால் நர்ஸ் பிராக்டிஷனரை உருவாக்கியவரே டீனாகவும் வந்ததால் ராச்செஸ்டரில் அதற்கு ஒரு கனம் கிடைத்தது.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, அதையும் மாணவிகளிடம் சொல்லுங்கள். இரண்டு நாற்காலியில் ஒருவர் உட்கார்வது அந்த ஒருவர் ஃபோர்டாக இருக்கும்வரை நன்றாக இருக்கும். சாதாரண ஆசிரியைக்கு வார்டு, வகுப்பு, ஆராய்ச்சி மூன்றையும் ஒரே சம்பளத்தில் சுமத்தினால் மூன்றிலும் பாதிதான் மிஞ்சும். லட்சியம் என்ற பெயரில் பெண்கள் மேல் வேலை ஏற்றுவதில் எல்லா ஊர் நிர்வாகமும் கெட்டிக்காரத்தனம் காட்டும். அதுபோலவே, ஃபோர்டு வைத்த நான்கு மாதப் பயிற்சி நீண்ட அனுபவமுள்ள செவிலியருக்கானது. அனுபவத்தை விட்டுவிட்டு மாதக் கணக்கை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டால் அது அவர் பேரைச் சொல்லிச் செய்யும் மோசடி.

இனி சேர்ந்து கற்பது. இதே ராச்செஸ்டரில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தவர் மேட்லின் ஷ்மிட். செவிலியர், சமூகவியலிலும் முனைவர். டாக்டரும் நர்ஸும் மற்றவர்களும் ஒரு குழுவாக எப்படி வேலை செய்கிறார்கள், எங்கே சொதப்புகிறார்கள் என்பதை ஆராய்வதே அவர் வாழ்நாள் வேலை. 2009இல் மருத்துவம், நர்சிங், பல் மருத்துவம், மருந்தியல், ஆஸ்டியோபதி, பொது சுகாதாரம் ஆகிய ஆறு துறைகளின் கல்விச் சங்கங்கள் அமெரிக்காவில் ஒன்றாகக் கூடின. எல்லா மாணவருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய திறன்களை வகுக்க ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் ஷ்மிட். 2011இல் அறிக்கை வந்தது. பொது விழுமியங்கள், அவரவர் பொறுப்பு, பேசும் முறை, குழுப்பணி என நான்கு பகுதிகள். படிக்கச் சலிப்பான ஆவணம்தான். ஆனால் மூன்றாவது பகுதியில் நிறுத்திப் படியுங்கள். எனக்கு இரவு இரண்டு மணிப் போன் ஞாபகம் வந்தது. அந்தப் போனை நேராகப் பேசும் பேச்சாக மாற்றுவதற்குத்தான் இத்தனை காகிதமும்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் இந்தக் கல்விக்குத் தந்த விளக்கம், தமிழில் சொன்னால், ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பது. நான் பள்ளியில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தவன், விட மனமில்லை. உங்கள் மண்டபத்தில் நடந்தது ஏழாம் வேற்றுமை மட்டும்தான். ஒரே இடத்தில். ‘ஓடு’ம் இல்லை, ‘இருந்து’ம் இல்லை. கூரை பொதுவாக இருந்தது, அவ்வளவே.

உருபு மாறிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம். அங்கே 1996இல் ஒரு வார்டையே மாணவர்களிடம் கொடுத்தார்கள். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி போன்ற படிப்புகளின் கடைசிக் கட்ட மாணவர்கள் சில வாரம் அந்த வார்டை நடத்த வேண்டும், மேற்பார்வைக்கு ஆசிரியர்கள் நிற்பார்கள். பெட்பான் வைப்பது யார், காலையில் குளிப்பாட்டுவது யார், வீட்டுக்கு அனுப்புவதை முடிவு செய்வது யார் என்பதெல்லாம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள். ஒரு மருத்துவ மாணவன் முதல்முறையாக ஒரு முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்கும்போது, அவன் கண்ணில் படுக்கைப்புண் படும். அதை எந்தச் சிறப்புரையும் அவனுக்குக் காட்டாது. இந்த முறை பிறகு வேறு நாடுகளுக்கும் பரவியது. இதற்கு மண்டபம் வேண்டாம். ஒரு வார்டும், கொஞ்சம் துணிச்சலான ஒரு ஹெட் நர்ஸும் போதும்.

நம் பக்கம் வராமல் போக முடியாது, சுருக்கமாக. 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய நாடு இது, பழம் வித்து இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பையும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துவிட்டது. 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்தை மாற்றி 2023இல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. படித்து வெளியே வருகிறவருக்கு எந்த நாற்காலி, என்ன பதவிப் பெயர், எந்தக் கேஸ் ஷீட்டில் கையெழுத்து என்பதைப் பற்றி என்னைவிட நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். ஒரு கடிதமாகவே எழுதுங்களேன், இங்கே போடுகிறேன்.

ஸ்டைன் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு. 1990இல் அவரே வேறு இருவரோடு சேர்ந்து அந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்து மீண்டும் எழுதினார். நர்ஸ்கள் ஆட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டார்கள், டாக்டர்கள் எதிரில் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுபோல ஒரு சித்திரம். முதல் கட்டுரை வந்தபோது கொலராடோவில் ஃபோர்டின் திட்டத்துக்கு வயது இரண்டு. இரண்டாவது வந்தபோது அவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் அம்மாவைக் காப்பாற்றிய சிஸ்டரை நான் பிறகு தேடினேன். வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்றார்கள். நன்றி சொல்லத்தான் தேடினேன் என்றாலும், பார்த்திருந்தால் போனை வைத்தபின் ஏன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார் என்றுதான் கேட்டிருப்பேன். சிரித்தார், நான் பார்த்தேன்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பின்வரிசையில் எழுந்து நின்ற அந்த மூன்றாமாண்டுப் பெண் என்ன கேட்க வந்தாள்? அவளுக்கு நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.